வெயிலில் காய்ந்த பச்சைத் தேயிலை

வவுனியாவில் ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் ஒரு சீனர் பல்லுக்கடை வைத்திருந்தார். பொய்ப்பல் கட்டுவார், சொத்தைப்பல் பிடுங்குவார். அவரிடம்தான் நான் வேலைக்கு நின்றேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இருபத்திரண்டு வயதில் கிடைத்த, வெயிலில் நிற்கத் தேவையில்லாத முதல் வேலை. அது எப்போது போய்விடுமோ என்ற பயத்தோடுதான் தினமும் கண் விழிப்பேன்.

முதலாளியின் சுவர்த் தட்டில் தேத்தண்ணி ஊற்றுகிற ஒரு சின்ன மண் கேத்தலும் விரல்நுனி அளவில் நாலு கோப்பைகளும் இருந்தன. அவருடைய தகப்பன் சீனாவில் படித்த மனிசராம், கவிதை எழுதுவாராம். அந்தத் தகப்பனுடைய கேத்தல் அது. யாருக்கும் அதில் ஊற்றிக் கொடுத்ததை நான் கண்டதில்லை.

அந்த வருசம் நெளுக்குளப் பக்கம் நாற்று நடப் பழக்க ஒரு ஜப்பான்காரர் வந்திருந்தார். எங்கட சனம் சிரித்தது. "வரிசையா நடட்டாம். நெல்லென்ன பள்ளிக்கூடப் பிள்ளையளோ, லைனிலை நிக்க?"

அவர் ஒருநாள் உடைந்த பல்லோடு கடைக்கு வந்தார். முதலாளி முகம் பார்க்காமல் வேலை செய்தார். பல் வேலை முடிந்தும் அவர் எழும்பவில்லை. கேத்தலையே பார்த்தார். பிறகு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி நீட்டினார். முதலாளி வாசித்துவிட்டு, வெகு நேரம் கழித்துப் பதில் எழுதினார். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தெரியாது. சீன எழுத்து மட்டும் இரண்டு பேருக்கும் விளங்கியது.

அவர் போனபின் கேட்டேன். "என்ன முதலாளி எழுதினவர்?"

"அவரின்ரை தகப்பனும் இப்பிடிக் கேத்தலிலைதான் ஊத்திக் குடிக்கிறவராம். தேயிலையை மாவாக்கி அடிச்சுக் குடிக்கிற பழக்கமும் முந்தி எங்கட நாட்டிலையிருந்துதான் போனது. பிறகு எங்கட சாமியார் ஒராள் இலைத் தேத்தண்ணியைக் கொண்டு போனவர். அங்கத்தைப் படிச்ச ஆக்கள் எங்கட படிச்ச ஆக்கள் மாதிரியே சுவரிலை படம் மாட்டி, கவிதை சொல்லிக் குடிச்சவையாம்."

"அப்ப நீங்கள் இரண்டு பேரும் ஒரு வழி ஆக்கள்தானே?"

"சண்டைக்காலத்திலை எங்கட வீட்டு வாசலிலை எழுதியிருந்ததை அவங்கட பட்டாளத்தாலை வாசிக்க முடிஞ்சது, தம்பி. வாசிச்சுப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்தவங்கள்."

தகப்பனுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த முறை ஜப்பான்காரர் தங்கள் நாட்டுத் தேயிலை போட்ட ஒரு தகர டின் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். முதலாளி வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். திறக்கவில்லை.

மாரி மழை தொடங்கியது. சுவரெல்லாம் ஈரம். முதலாளி சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போன நேரம், டின்னுக்குள் ஈரம் ஏறியிருக்குமோ என்று எனக்குப் பதறியது. ஏறியிருந்தால் என்னைத்தானே கேட்பார்? மூடியைக் கழற்றினேன். உள்ளே முழுக்கப் பச்சை! எனக்குத் தெரிந்த தேயிலை கறுப்பு. பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மழை வெளித்த இரண்டு நாளும் சுளகில் பரப்பி வெயிலில் காயவிட்டேன். பச்சை போய் மஞ்சளானது. தப்பினேன் என்று டின்னில் போட்டு மூடினேன்.

ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்புமுன் விடைபெற வந்த நாள், முதலாளி காலையிலேயே கேத்தலை இறக்கினார். இரண்டு கோப்பை எடுத்துவைத்தார். "தண்ணி சுட வை தம்பி" என்றார். அந்தக் குரலை நான் முன்னே கேட்டதில்லை. பிறகு டின்னைத் திறந்தார். முகர்ந்தார். ஒரு இலையை விரலால் நசித்தார். அது பொடியாய் உதிர்ந்தது.

"வைக்கோல்" என்றார். "எல்லாத்தையும் எங்களிட்டைப் படிச்சுப்போட்டு, திருப்பித் தந்ததைப் பார்."

பச்சையாய் இருந்ததை நான்தான் காயவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். வேலை போய்விடும் என்று மூடினேன்.

கேத்தல் தட்டுக்குத் திரும்பியது. ஜப்பான்காரர் வந்தபோது முதலாளி அடுத்த கடையிலிருந்து பால் தேத்தண்ணி எடுப்பித்தார். வந்தவர் தட்டிலிருந்த கேத்தலைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, குனிந்து வணங்கிப் போனார். அன்று ஒரு தாளும் எழுதப்படவில்லை.

அந்த டின்னில் பிறகு பல் அச்செடுக்கிற வெள்ளை மாவைப் போட்டு வைத்தோம். முதலாளி சாகும்வரை அதைத் தினமும் திறந்து கொடுத்தவன் நான். ஒருநாளும் சொல்லவில்லை.