பச்சைத் தண்ணீர் சுடும்

கோவை சரவணம்பட்டியில் ஏசி அறையில் உட்கார்ந்து, கடல் மேற்பரப்பின் வெப்பத்தைக் கணக்கிடும் புரோகிராம் எழுதுவது எங்கள் வேலை. டீம் லீட் சென்னைக்காரர். "சிறுவாணி குடிச்சு வளர்ந்தவங்க, கடலைப் பார்த்ததுகூட இல்ல. உங்களுக்கு உப்புத் தண்ணியப் பத்தி என்னம்மா தெரியும்?" என்பார். சிரித்துவைப்பேன். உள்ளே எரியும்.

ஒருமுறை, ஓரிடத்தில் செயற்கைக்கோள் காட்டிய வெப்பம் எங்கள் கணக்கைவிட அதிகமாக இருந்தது. "சாட்டிலைட் தப்பு. அந்த அளவைத் தூக்கிடுங்க" என்றார். "தப்பு நம்ம மேலயும் இருக்கலாமுங்க சார்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமைக்குள் காரணம் காட்டச் சொன்னார். என்னிடம் காரணம் இல்லை, வாய் மட்டும்தான் இருந்தது.

சனிக்கிழமை சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்குப் போனேன். பண்ணைக்குட்டையில் மோட்டார் குழாயைப் பாசி அடைத்துக்கொள்ள, தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி கைகொடுக்கக் கூப்பிட்டான்.

"தண்ணி எப்படிடா இருக்குது?"

"பச்சத் தண்ணிதானுங்க்கா. சும்மா எறங்குங்க."

இறங்கினேன். இடுப்பில் சுட்டது, பாதம் குளிர்ந்தது. "இதாடா பச்சத் தண்ணி?" என்று கத்தினேன். "பாருங்க்கா, பச்சையாத்தான இருக்குது!" என்று சிரித்தான்.

சுடவைக்காத தண்ணீரைத்தான் பச்சைத் தண்ணீர் என்போம். இதுவோ பச்சையாக இருந்ததாலேயே சுட்டது. பக்கத்தில், முந்தாநாள் கழுவி நிரப்பிய தொட்டியில் கையை விட்டுப் பார்த்தேன். அதே வெயில்தான், ஆனால் தெளிந்த தண்ணீர் மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது. குட்டையில் பாசி வெயிலை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, கீழே விடுவதில்லை. கடலிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. எங்கள் புரோகிராமோ எல்லாக் கடலையும் கழுவிய தொட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

செயற்கைக்கோளின் கடல்நிறப் படங்களில் அந்த இடமும் பச்சையாகவே இருந்தது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, அந்தப் பச்சையைக் கணக்கில் சேர்த்தேன். திங்கட்கிழமை எங்கள் கணக்கும் செயற்கைக்கோளும் ஏறக்குறைய ஒத்துப்போயின. லீட் இரண்டையும் திரையில் ஒப்பிட்டுப் பார்த்தார். புரோகிராமில் நான் சேர்த்த புது மாறிக்கு என்ன பெயர் என்று கேட்டார். "பச்சத்தண்ணி" என்றேன். இன்றுவரை அந்தப் பெயரைத்தான் டைப் செய்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைப்பானேன்?

"ஒருநாள் சென்னைக்கு வாங்கம்மா. கடலைக் காட்டுறேன்" என்றார், இந்த முறை கேலியில்லாமல்.

"எங்க குட்டையிலயே இடுப்பளவு எறங்கிப் பார்த்துட்டனுங்க சார்" என்றேன்.