ஏழு தடவை கழுவிய கை

சோளகம் வீசிய மாதங்களில் எங்கள் நாய் இருமத் தொடங்கியது. எங்கள் ஊரான தோட்டவெளியில் அந்தக் காற்று வந்துவிட்டால் பகல் முழுவதும் மணல் மெல்ல நகர்ந்துகொண்டேயிருக்கும். விறாந்தையைக் கூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கூட்டிய அடையாளமே இருக்காது. அந்த மணலில் நின்று, கழுத்தை நீட்டி, தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல அவள் இருமினாள். கடலிலிருந்து வந்த கையோடு என் கணவர் அவளுடைய வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். முள் எதுவும் இல்லை.

அவளுக்குப் பதினொரு வயது. இந்தியாவில் முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்த நாட்களில், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் கீழே பிறந்தவள். எங்கள் பிள்ளைகள் இருவரும் அக்கரையிலேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் மூன்று என்று சொல்லிவிடுவேன்.

முதலில், ஆடுகளுக்கு ஊசி போடும் ஒருவரைத்தான் கூப்பிட்டோம். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. அது உறுமிக்கொண்டிருக்க, “சளி” என்றார். பிடரியைப் பிடித்தார், குத்தினார், போனார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வந்தபோது, மோட்டார் சைக்கிள் ஒழுங்கையில் திரும்பிய சத்தத்துக்கே அவள் கட்டிலின் கீழே போய்விட்டாள். நான் குனிந்து பார்த்தேன். அந்த மனிதரைக் கூப்பிட்டது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் பார்த்த பார்வை அப்படி. வாசலுக்குப் போய், இனி வரவேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஒருத்தி சொன்னாள், மன்னார் டவுனில் மிருக வைத்தியர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார், இளம் பெண், பெரியமடுவைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளை என்று. கணவர் தயங்கினார்.

“அவையள் நாயைத் தொடமாட்டினம். மாடு, ஆடு எண்டாச் சரி. ஏன் சும்மா அந்தப் பிள்ளையைக் கரைச்சல் படுத்துவான்?”

“தொடமாட்டன் எண்டு அவ சொல்லட்டும். நீங்கள் ஏன் முந்திச் சொல்லுறியள்?”

மறுநாள் ஓட்டோவில் போனோம். வாடகை வீடொன்றின் முன் அறைதான் அவருடைய வைத்திய அறை. ஒரு மேசை, ஒரு அலுமாரி, மூன்று கதிரைகள். எங்கள் நாயைக் கண்டதும் அவர் கிட்ட வரவில்லை. நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கதை கேட்டார். எப்போது இருமுகிறாள், படுத்தால் இருமல் கூடுகிறதா, முன்பு ஓடிய தூரம் இப்போது ஓடுகிறாளா. நான் சொல்லச் சொல்ல, நாய் தானாக எழுந்து போய் அவருடைய முழங்காலை முகர்ந்து பார்த்தது. அதற்குப் பிறகுதான் கையுறையைப் போட்டார்.

நெஞ்சுச் சத்தம் கேட்கும் குழாயைக் காதில் மாட்டி, மறுமுனையை நாயின் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துப் போனது. அவர் அசையவில்லை. அத்தனை நேரம் ஒரு மனிதரின் நெஞ்சைக்கூட எந்த டொக்டரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகு குழாயைக் கழற்றி என் கணவரிடம் நீட்டினார்.

“நீங்களும் கேளுங்கோ ஐயா.”

கணவர் வெட்கப்பட்டார். பிறகு குனிந்து கேட்டார். அவருடைய முகம் மாறியது.

“வள்ளத்துக்கடியில தண்ணி அடிக்கிற மாதிரிக் கேக்குது.”

“ஓம், அதுதான். இதயத்தில ஒரு கதவு சரியாப் பூட்டுதில்லை. ரத்தம் திரும்பி வருது. நெஞ்சில தண்ணி தேங்குது.” குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “இதை மாத்தேலாது. லேசாக்கலாம், அவ்வளவுதான்.”

மாத்திரைகள் தந்தார். ஒரு வேலையும் தந்தார். நாய் நித்திரை கொள்ளும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். முப்பதுக்கு மேலே போனால் அவருக்குப் போன் செய்ய வேண்டும்.

“நாயின்ர மூச்சை எண்ணுறதோ?” என்று கணவர் ஓட்டோவில் வரும்போது சிரித்தார். ஆனால் அடுத்த நாள் மத்தியானம் நான் வேப்பமர நிழலில் அவளருகே பாயைப் போட்டு உட்கார்ந்தபோது அவரும் வந்தார்.

அந்த மத்தியானங்களை இப்போது நினைத்தால் அவை நடந்தனவா, நான் கண்ட கனவா என்று எனக்கே சரியாகத் தெரிவதில்லை. காற்று பனைகளில் ஏறி இறங்கும். வெயில் இலைகளுக்குள்ளால் விழுந்து அவளுடைய செம்மஞ்சள் முதுகில் அசையும். விலா எழும்பும், தாழும். ஒன்று. எழும்பும், தாழும். இரண்டு. சில நேரம் பதினெட்டு மட்டும் எண்ணுவேன், பிறகு என் மூச்சும் அவளுடைய மூச்சோடு சேர்ந்து போய்விடும். எண்ணிக்கை எங்கேயோ நழுவிவிடும். கண் விழிக்கும்போது நிழல் இடம் மாறியிருக்கும். நித்திரையில் அவளுடைய பாதங்கள் எதையோ துரத்தும். கணவர் தாழ்ந்த குரலில், “இருபத்தாறு” என்பார். கோவில் கலண்டரில் அந்த நாளின் கட்டத்துக்குள் அதை எழுதி வைப்பேன். இத்தனை வருட வாழ்க்கையில் நாங்கள் இருவரும் ஒரு வேலையும் செய்யாமல் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் இருந்தது அப்போதுதான்.

இருமல் குறைந்தது. ஆனால் மூன்றாம் கிழமையில் ஒரு காலை அவள் எழும்பவில்லை. எழுப்பி நிறுத்தினால் பின்கால்கள் மடிந்தன. மூக்கு காய்ந்து கிடந்தது. மீன் வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தெரியாத ஒருத்தியிட்டக் குடுத்து வீணாக்கிப் போட்டம்,” என்று கணவர் கத்தினார். அவர் கத்துவது அரிது.

போன் செய்தேன். டொக்டர் நிறையக் கேட்டார். எத்தனை தரம் சிறுநீர் போகிறாள், பல்முரசு எப்படி இருக்கிறது, நான் எந்த மாத்திரையில் எத்தனை கொடுக்கிறேன். எல்லாம் அவர் எழுதித் தந்தபடிதான். பிறகு அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

“பிழை என்னில அக்கா. மருந்தை நான்தான் கூட எழுதிப் போட்டன். உடம்பில தண்ணி வத்திப் போச்சு. இப்ப ஒண்டும் குடுக்காதேங்கோ, நான் வாறன்.”

ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். உடுப்பெல்லாம் மணல். கணவர் அவரோடு பேசவில்லை, வாவென்றும் சொல்லவில்லை. டொக்டர் நேரே நாயிடம் போய் முரசை அழுத்திப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தும் நாய் தொடவில்லை. அப்போது அவர் கையுறையைக் கழற்றினார். வெறும் உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி அவளுடைய வாயருகே பிடித்தார். வெகுநேரத்துக்குப் பிறகு நாக்கு வெளியே வந்தது. ஒரு முறை நக்கியது. பிறகு இன்னொரு முறை. அவர் மறுபடியும் மறுபடியும் ஏந்தினார். விரல்களுக்கிடையால் எச்சில் வடிந்தது. ஒரு மணித்தியாலம் அப்படியே போனது. கடைசியில் அவள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள்.

டொக்டர் எழுந்து, கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அக்கா, கொஞ்சம் தண்ணி வாத்துவிடுங்கோ. ஏழு தரம் வார்க்கோணும்” என்றார். “ஒருக்கா மண்ணும் போட்டுக் கழுவோணும். நாயின்ர எச்சில் பட்டா எங்கட முறை அது.”

நான் எழும்புமுன் கணவர் வாளியை எடுத்துவிட்டார். டொக்டர் வளவு மண்ணில் ஒரு பிடி அள்ளிக் கையைத் தேய்த்தார். கணவர் கோப்பையால் தண்ணீர் வார்த்தார். ஒவ்வொரு தரமும் டொக்டர் முழுதாகக் கழுவி முடிக்கும்வரை பொறுத்திருந்துதான் அடுத்த கோப்பையைச் சரித்தார். ஆறாவதில் டொக்டர் சிரித்தபடி, “ஐயா என்னை விடக் கவனமா எண்ணுறார்” என்றார்.

“எங்களால உங்களுக்கு இப்பிடிக் கரைச்சலாப் போச்சு” என்றார் கணவர். அன்று காலையிலிருந்து டொக்டரிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“கழுவினாச் சரி ஐயா. அவ நல்ல நாய்.”

மருந்தைப் பாதியாகக் குறைத்தார். அவள் எழுந்தாள். ஆவணித் திருவிழாவுக்கு நாங்கள் மடு மாதா கோவிலுக்குப் போய் வந்தபோது அவளை டொக்டரிடமே விட்டுவிட்டுப் போனோம். அதைச் சொன்னவர் என் கணவர்தான். சோளகம் ஓய்ந்தது, மழை வந்தது, வாடைக் காற்றில் பறவைகள் வந்து கடலோரச் சேற்றில் நின்றன. அவள் விறாந்தையில் படுத்தபடி அவற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒரு நாள், விடிந்த கையோடு எண்ணினோம். ஐம்பத்திரண்டு. டொக்டர் வந்து அவளுடைய நெஞ்சை வெகுநேரம் கேட்டார். இந்த முறை குழாயை யாரிடமும் நீட்டவில்லை.

கணவர் கேட்டார்: “உங்கட நாய் எண்டா என்ன செய்வியள்?”

“நான் வீட்டில நாய் வளக்கேலாது ஐயா,” என்றார் அவர். “ஆனா இவவை இப்பிடி மூச்சுக்கு அவதிப்பட விடமாட்டன். மயக்க ஊசி ஒண்டு இருக்கு. நித்திரை மாதிரித்தான் போவா. முடிவு உங்கட.”

கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவள் தலை என் மடியில் இருந்தது. ஊசி ஏறியபோது அவள் திடுக்கிடவும் இல்லை.

வேலியோரம் கணவர் குழி வெட்டி மூடி முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். விறாந்தைக் கதிரையில் டொக்டர் தலையைச் சாய்த்து நித்திரையாகியிருந்தார். எங்களிடம் வருமுன், இருட்டோடு எங்கேயோ ஒரு மாட்டுக்குக் கன்று எடுத்துவிட்டு வந்தவராம், பிறகுதான் சொன்னார். நாங்கள் எழுப்பவில்லை. நான் தேத்தண்ணியை மூடி வைத்தேன். வாசல் படலையடியில், ஊரில் அலைந்து திரியும் இரண்டு கழுதைகள் வந்து நின்றன. அவை கத்தி அவரை எழுப்பிவிடக் கூடாதென்று, கணவர் சத்தமில்லாமல் நடந்து போய், அவற்றின் முதுகில் மெல்லத் தட்டி ஒழுங்கையின் மறுபக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.