அலிபிரிக்குப் பளபளத்துக்கொண்டு போன டயர்கள்

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு, புதுக் காருக்குப் பூஜை போட என் மகள் கவிதா எங்கள் திருப்பதி வீட்டிலிருந்து மலையடிவாரத்து அலிபிரிக்குக் கிளம்பினாள். தூறல் ஆரம்பித்திருந்தது. சாமி முன்னால் நிற்கப்போகிற வண்டி என்று, கடையிலேயே அதிகம் மினுங்கிய எண்ணெய் பாலிஷை வாங்கி, டயரின் பக்கவாட்டோடு நிற்காமல் சாலையில் படும் பகுதியிலும் நானே பூசியிருந்தேன்.

அவள் போன பிறகுதான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். சாலையில் படும் பகுதியில் பூசினால் வழுக்கும் என்று போட்டிருந்தது. போன் அடித்தேன்; எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடாதே என்று பழக்கியவன் நான்தான். வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன்.

"நனைஞ்சிக்கினே நின்னா வந்துடுவாளா? உள்ள வாங்க" என்றாள் மனைவி. போக முடியவில்லை.

இப்போதெல்லாம் எண்ணெய்ப் பசை இல்லாத பாலிஷைத் துணியில் எடுத்துப் பக்கவாட்டில் மட்டும் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுகிறேன். மழை நாளில் அதுவும் இல்லை.

அன்று ஒருவழியாகக் கார் தெருவுக்குள் திரும்பியது. கவிதா வெளுத்த முகத்தோடு இறங்கினாள்.

"வளைவுல பிரேக் போட்டா வண்டி வழுக்கிக்கினே போச்சு நைனா. பூஜைக்கு முன்னாடியே சாமிகிட்ட போயிருப்பேன். இனிமே டயருக்கு மஞ்சள் குங்குமம் மட்டும் வெய், போதும்."