அறுபதில் வந்த விசில்

தென்னேரி ஏரிக்கரைச் சாலையில் கார் அறுபதில் போய்க்கொண்டிருந்தபோது, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. தள்ளினேன். எஞ்சின் உறுமல் அடங்கியது. ஆனால் நான்கு நாட்களாக, அறுபதைத் தொட்டாலே வதைத்த அந்தக் கீச்சென்ற விசில் சத்தம் அப்படியே இருந்தது. அப்படியானால் கோளாறு எஞ்சினில் இல்லை!

சர்வீஸ் முடிந்து வந்த அன்றே சத்தம் தொடங்கியதால், மெக்கானிக் சலீம் அண்ணனிடம் போய், "எஞ்சின் பெல்ட்ட ஒழுங்கா மாட்டலண்ணா" என்று கத்தியிருந்தேன்.

"மாட்டினது நான்பா, சத்தம் வராது. வண்டிய விட்டுட்டுப் போ, பாக்கறேன்" என்றார்.

நான் வண்டியை விடவில்லை. அவரிடம் யாரும் போகாதீர்கள் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அதைப் படித்து இரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

ஓரமாக நிறுத்தி, கூட வந்த அக்காவும் நானும் இறங்கிப் பார்த்தோம். முன்பக்க கிரில்லில், சர்வீஸ் முடிந்த அன்று நான் புதிதாகக் கட்டிய திருஷ்டிக் கயிறு. மற்றவர்கள் தொங்கவிடுவார்கள். நெசவு வீட்டுப் பிள்ளை நான், தறியில் பாவு நூல் இழுத்த மாதிரி விறைப்பாகக் கட்டியிருந்தேன். அக்கா சுண்டினாள். கிண்ணென்று அதிர்ந்தது.

அவிழ்த்துவிட்டு மறுபடி அறுபதில் ஓட்டினோம். சத்தமே இல்லை.

"காத்துல கயிறு கத்திக்கினு இருந்திருக்குது. நீ அவராண்ட போய் கத்திக்கினு இருந்திருக்கிற" என்றாள் அக்கா.

காரைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். சந்தேகப்படும்போது என் கைவேலையிலிருந்து தொடங்க மட்டும் தெரியவில்லை. குழுவில் உண்மையை எழுதிவிட்டேன். நாளைக் காலை அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் போய், அவர்களையும் அழைத்துக்கொண்டு சலீம் அண்ணன் பட்டறைக்குப் போகப் பார்க்கிறேன். வருவார்களா, தெரியவில்லை.