அக்கா கட்டாத பேனர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவிடம் பயிற்சிக்கு வந்து இன்று அக்காவுக்காகத் திருப்பலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிறது. எழுதுகிற நான் அதிகம் படித்தவன் இல்லை. தண்ணீர் வடிகட்டி விற்று, வீடு வீடாகப் பேசிப் பேசியே பிழைத்தவன். எழுத்துக்குள் பேச்சு வந்து விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது பெடாஸிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பாலுக்கு மரம் வெட்டினார், அம்மா புல் வெட்டினார். காய்ச்சல் கண்டு அம்மா போனபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஏழு. அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரியதும், பள்ளிக்கூட பஸ் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போனதும், பல்வலிக்கு மருந்து வைத்ததும் எல்லாம் அக்காதான். ஐந்தாம் படிவம் முடிந்ததும் அக்கா சிரம்பானுக்குக் கம்பெனி பஸ் ஏறினார். சின்னச் சின்ன மின்சாதனம் செய்யும் தொழிற்சாலை. வரிசையில் நின்று வேலை செய்தவர், பல வருடம் கழித்து ஆள் எடுக்கும் ஆபீசில் உட்கார்ந்தார். நேர்முகத்துக்கு வருகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்து குறிப்பு எழுதுகிற வேலை.

அங்கேதான் அக்காவின் மனசு புண்பட்டது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம பக்கத்துப் புள்ள ஒன்னு வந்துச்சு தம்பி. நல்லா படிச்ச புள்ள. கேள்வி கேட்டா தரையப் பாக்குது. கேள்வி கேட்ட ஆளு 'இது எதையோ மறைக்குது'ன்னு எழுதிட்டாரு. அது மறைக்கலடா, மரியாத காட்டுது. எனக்குத் தெரியுது. பக்கத்துலயே உக்காந்திருக்கேன், சொல்ல முடியலயே."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். துரை மோட்டார் காடியில் வந்து இறங்கினால் நாம் குனிந்துதான் நிற்போம். கண்ணைப் பார்த்துப் பேசினால் அப்பா முதுகில் ஒன்று வைப்பார். வீட்டில் கற்ற மரியாதையே வேலை கிடைக்காமல் செய்துவிடுகிறது என்பதை அக்கா அந்த நாற்காலியில் இருந்தபடி பத்து வருடம் பார்த்தார்.

தொழிற்சாலையை மூடியதும், அக்காவைக் கட்டிய அத்தானின் ஊரான பகாவுக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை எடுத்து, நேர்முகத்துக்குப் போகிறவர்களுக்கும் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கும் பேசப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். முதல் ஆறு வாரம் ஓர் ஈ கூட மாடி ஏறவில்லை. விற்பனையில் பெரிய ஆள் என்ற நினைப்பில் நான் இறங்கினேன். ஆயிரம் துண்டுத்தாள் அடித்து, பசார் மாலாம் இரவுச் சந்தையில் நின்ற காடி ஒவ்வொன்றிலும் கண்ணாடியில் செருகினேன். இரண்டு பேர் போன் செய்தார்கள். அதில் ஒருவர் கேட்டார், "உடம்பு எளைக்க வைப்பீங்களாங்க?" அக்கா சொன்னார், "இல்லீங்க, நான் வாயத் தொறக்க வைப்பேன். உங்களுக்கு அது ஆகாது." அவர் சிரித்து, தன் மகளை அனுப்பி வைத்தார். அந்த மகள்தான் முதல் மாணவி. என் ஆயிரம் தாளில் பலித்தது அது ஒன்றுதான், அதுவும் அக்காவின் வாயால்.

பிறகு அக்கா தன் வழியில் போனார். சனிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போவார். வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். யாருக்காவது விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பார், யார் வீட்டிலாவது கோப்பி குடிப்பார், அந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன கவலை என்று கேட்டுக்கொண்டிருப்பார். "வித்துட்டு வாங்கக்கா"ன்னு நான் நச்சரித்தால், "நீ வடிகட்டி விக்கிற தம்பி. வேணாம்னா திருப்பிக் குடுத்திருவாங்க. எங்கிட்ட வர்றவங்க வெக்கத்தக் கையில புடிச்சிக்கிட்டு வராங்க. அத எங்க திருப்பிக் குடுக்கிறது?" என்பார்.

கட்டணத்தை முதல் நாளே தானாகச் சொல்லிவிடுவார்; கேட்கக் கூச்சப்பட்டே வராமல் போகிறவர்கள் நம் ஆட்கள் என்று அவருக்குத் தெரியும். பயிற்சி தேவைப்படாத பிள்ளையை "உனக்கு நான் வேணாம்மா, போய் நல்லா தூங்கிட்டுப் போ" என்று திருப்பி அனுப்புவார். நேர்முகம் முடிந்த மறுநாள் போன் செய்வார். வேலை கிடைத்தவர்களுக்கு அல்ல. "கெடச்சவன் அவனே கூப்புடுவான் பாரு, போன் சூடாயிரும். கெடைக்காததுதான் போன அடைச்சிட்டு படுத்திருக்கும். அதத்தான் நாம கூப்புடணும்." அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்ததுதான் அந்த மேல்மாடி அறை. ஒரு பிள்ளை தன் தங்கையை அனுப்பும், தங்கை சிநேகிதியை அனுப்பும். இப்போது தொழில் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் அக்காவின் ரகசியம் என்ன என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இனி எழுதுவது எனக்குக் கடினம். ஆனால் இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

ஒரு பெண் வந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அந்தப் பெண் என்றே எழுதுகிறேன். மூன்று நேர்முகத்தில் தோற்றவர். அக்காவிடம் ஐந்து மாதம் வந்தார். நான்காவது இடத்தில், சிரம்பானில் நல்ல வேலை கிடைத்தது. பலகாரத்தோடு மாடி ஏறி வந்து, மூன்று முறை தோற்றதை அவரே சிரித்துக்கொண்டு சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். "ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா?" என்றேன். "சரிங்கண்ணே" என்றார்.

எங்கள் மாதா கோயில் திருவிழா வந்தது. அக்காவைக் கேட்காமல், அவரை அசத்தலாம் என்று, பத்தடி பேனர் ஒன்று அடித்து வாசல் வேலியில் கட்டினேன். அந்தப் பெண்ணின் முகம் பெரிதாக. பக்கத்தில், "மூன்று முறை தோற்றவர், அக்காவிடம் வந்தார், வென்றார்." கீழே அக்காவின் பயிற்சி நிலையப் பெயர். கட்டிவிட்டுத் தள்ளி நின்று நானே ரசித்தேன்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பூசைக்கு வந்தவர், வேலியருகில் நின்று சத்தமாக வாசித்தார். "மூணு தடவையா? அப்ப கடைக்கு உப்பு வாங்க அனுப்பிச்சா நாலாந்தடவதான் கொண்டுட்டு வருமோ?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

அக்கா சாப்பாட்டுக் கடையிலிருந்து கத்தரிக்கோல் வாங்கி வந்து, வெயிலில் நின்று, தன் கையால் கயிற்றை வெட்டி பேனரை இறக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கேட்டியாடா அதுகிட்ட?"

"கேட்டேன்கா. சரிங்கண்ணேன்னு சொல்லுச்சு."

"படத்துக்குச் சரி சொல்லியிருக்கும். தோத்தத ஊருக்குக் காட்டவா சரி சொன்னுச்சு? பெரியவங்க கேட்டா நம்ம புள்ளைங்க வேற என்னாடா சொல்லும்? அந்தச் 'சரி'ய மாத்தத்தானே நான் இத்தன வருஷமா தொண்ட கிழியக் கத்துறேன்!"

அன்று மாலையே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். நான் காடியில் இருந்தேன். வாசலில் நின்றபடியே அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. "எந் தப்புதாம்மா. போர்டுல எம் பேருதான் இருக்கு." என் பெயரை எடுக்கவில்லை. கதவு சாத்தப்பட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்க் கெஞ்சினார். "பார்க்கலாம்" என்றவர்கள் பிறகு பார்க்கவே இல்லை. விஷயம் கேள்விப்பட்டு நான்கு பிள்ளைகள் வகுப்பிலிருந்து நின்றுகொண்டார்கள். தங்கள் தோல்வியும் வேலியில் தொங்கும் என்று பயந்திருக்க வேண்டும்.

நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "இப்ப போனா, அக்காகாரி தம்பிய அனுப்பித் தப்பிக்கிறான்னு நெனைக்கும். கொஞ்சம் ஆறட்டும். அப்பறம் நீயே போ. நான் சொல்லிப் போகக்கூடாது" என்றார்.

நான் ஆற விட்டேன். ஆறி, எனக்குள் உறைந்தும் போயிற்று. இரண்டு வருடம். எத்தனையோ வீட்டுக் கதவை வெட்கமில்லாமல் தட்டிய எனக்கு அந்த ஒரு கதவைத் தட்ட வாய் வரவில்லை.

அதற்குள் அக்காவுக்கு ஈரலில் கட்டி என்றார்கள். சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்று கட்டளை. "சீக்காளின்னு பரிதாபப்பட்டு யாரும் வரவேணாம்லா." கடைசியாக நினைவோடு பேசிய அன்று பிற்பகல், அத்தான் சாப்பிடப் போயிருந்தார். அக்கா என் கையைப் பிடித்தார்.

"போனியா தம்பி?"

எங்கே என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

"போனேன்கா" என்றேன். "எல்லாம் சொல்லிட்டேன். கோவமா இல்ல அது. ஒங்களப் பாக்க வரேன்னு சொல்லுச்சு."

அக்காவின் முகம் அப்படியே தளர்ந்தது. வலி தொடங்கியதிலிருந்து நான் பார்க்காத தளர்வு. "வரட்டும். தலைய மட்டும் கொஞ்சம் வாரி விட்டுரு" என்றார். வாரிவிட்டேன். மறுநாள் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அதற்கு மறுநாள் காலை போய்விட்டார்.

என்னை வளர்த்த அக்காவுக்கு நான் கடைசியாகக் கொடுத்தது ஒரு பொய். அன்றே காடியை எடுத்திருந்தால் கால் மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் வேலை இடத்துக்குப் போயிருக்கலாம். அவர் இருந்ததும் அதே சிரம்பான்தான்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன், போன மாதம், அந்தக் கதவைத் தட்டினேன். அவர் அம்மாதான் திறந்தார். உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேனர் கட்டியது நான் என்று. ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும். அந்தப் பெண் தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் அக்காட்ட பேசாம இருந்தேனேண்ணே. பெருநாளுக்கு அக்கா அனுப்புன மெசேஜெல்லாம் தொறக்காமலே வெச்சிருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்மா."

"நான் என்னா சொன்னதா சொன்னீங்க அக்காட்ட?"

"பாக்க வரேன்னு சொன்னதா."

"வந்திருப்பேண்ணே," என்றார். "அது மட்டும் பொய்யில்ல. வந்திருப்பேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டினேன். பெயரை அடிக்கச் சொன்னார், அடித்தேன். வீடு இருக்கும் ஊரை அடிக்கச் சொன்னார், அடித்தேன். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றார்.

அக்காவின் நோயில் வேலைக்கு விடுப்பு எடுத்து இரவு பகலாகப் பக்கத்தில் இருந்த அத்தானுக்கும், அம்மாவைக் குழந்தையைப் போலத் தூக்கிக் குளிப்பாட்டிய மகள்கள் இருவருக்கும், கைப்பக்குவத்தோடு கஞ்சி அனுப்பிய பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கும், நற்கருணை கொண்டுவந்த பாதருக்கும், தோட்டத்து நாள்களிலிருந்து உறவு விடாமல் பஸ் பிடித்து வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் குடும்பத்தின் நன்றி. என்னை வீட்டுக்குள் விட்டு, உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்ட அந்தத் தங்கைக்கு என் தனி நன்றி.

வகுப்பிலிருந்து நின்றுகொண்ட நான்கு பேரில் யார் கைக்காவது இந்த மலர் வந்தால், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அக்கா உங்கள் தோல்வியை யாரிடமும், வீட்டில் என்னிடம்கூட, ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்கள் பயந்தது என்னைப் பார்த்து. அக்காவைப் பற்றி வேறு விதமாக நினைத்திருந்தால், இன்றோடு அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

தம்பி