உளுந்தைக் கண்டு நின்ற கார்

திருக்காட்டுப்பள்ளிக்கு நாலு கிலோமீட்டர் முன்பு என் வாடகைக் கார் தானாகவே பிரேக் போட்டு நிற்கிறது. எதிரே சாலையின் பாதி அகலத்துக்கு உளுந்துச் செடியைப் பரப்பியிருக்கிறார்கள். போகிற வண்டிகள் ஏறினால் காய் உடைந்து உளுந்து உதிரும். கார் செய்தவர்களுக்கு இது தெரியாது. 'முன்னால் தடை' என்று திரை சிவக்கிறது.

விளக்குமாறோடு ஓர் அக்கா வருகிறார். மேற்கே வானம் கறுத்திருக்கிறது.

"சும்மா ஏத்துங்க சார். மழைக்கு முன்னாடி அள்ளணும்."

"வண்டி மாட்டேங்குதுங்க. தானா ஓடுற வண்டி."

"முந்தாநாளும் இப்படி ஒண்ணு வந்துச்சு, வேற கம்பெனி. அது நிக்கவே இல்ல. வழுக்கி வாய்க்கால்ல எறங்கிடுச்சு. அதுல வந்தவரு கம்பெனிக்குப் போன் போட்டா, ஓட்டுனது நீங்கதானேங்கிறான். இவரு, நான் ஸ்டியரிங்கையே தொடலைங்கிறாரு."

"அப்புறம்?"

"ரெண்டு பேரும் சேந்து, உளுந்து போட்டவ மேல பழியப் போட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்க்கிறார்.

திரையில் தேடி எல்லா உதவிகளையும் அணைக்கிறேன். இனி முழுப் பொறுப்பும் ஓட்டுநருடையது என்கிறது கார். இதுவரை யாருடையது என்று அது சொல்லவே இல்லை.

மெதுவாக ஏற்றுகிறேன். சக்கரத்தடியில் காய்கள் படபடவென்று உடைகின்றன.

"அப்படியே ரிவர்ஸ்ல ஒருக்கா வாங்க சார்."

நாலு முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறேன். திரையில் ஒரு காப்பிக் கோப்பை தோன்றுகிறது. ஓட்டுநர் நிதானத்தில் இல்லை, ஓய்வெடுக்கவும் என்கிறது.

கம்பெனிக்குச் சாட்சி தயார்.