லில்லியின் கட்டிக்கு மூன்று தொப்பிகள்

தெரணியகலைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் சுரேந்திரன் பால் வெட்டத் தொடங்கி இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. ஒரு பொருள் கிழிந்தாலோ உடைந்தாலோ அதைச் சும்மா விட அவருக்கு மனம் வராது. வாளியின் அடியில் மிஞ்சிய ரப்பர் பாலைச் சிரட்டையில் ஏந்தி வந்து பூசிவிடுவார். குடை, செருப்பு, ரேடியோவின் பின்மூடி, பக்கத்து வீட்டுக் கருப்பாயியின் பொய்ப்பல் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்க அவருடைய பூச்சு இருக்கிறது. பொய்ப்பல் பூச்சு இரண்டு நாள்தான் தாங்கியது. அந்த இரண்டு நாளும் கருப்பாயியால் வாயைத் திறக்க முடியவில்லை. லயத்தில் அப்படியொரு அமைதி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு குதிரை வாய்த்தது. நுவரெலியாவில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்துகொண்டிருந்த லில்லி என்ற வெள்ளைக் குதிரையை, மனைவி விஜயகலாவின் தம்பி கட்டாருக்குப் போகும்போது, "ஆறு மாசம் பாத்துக்குங்க மச்சான்" என்று விட்டுப் போனான். ஏழு வருடமாகிவிட்டது. லில்லிக்கு இப்போது பதினெட்டு வயது. லயத்துக்குப் பின்னால் பழைய மாட்டுக் கொட்டகையில் இருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் எந்த மாப்பிள்ளைக்குக் குதிரையேறிப் படம் பிடிக்க ஆசை வந்தாலும் சுரேந்திரனுக்குத்தான் போன் வரும். மாப்பிள்ளைகள் எல்லாரும் முன்பக்கமாகவே படம் பிடிப்பதால், பின்பக்கம் என்ன நடக்கிறது என்று யாரும் கவனிக்கவில்லை.

வைகாசி மழையில் ஒருநாள் அட்டை ஏறியிருக்கிறதா என்று வாலைத் தூக்கிப் பார்த்தபோதுதான் சுரேந்திரன் அதைக் கண்டார். வாலின் அடியில், முடியில்லாத தோலில், சின்ன எலுமிச்சங்காய் அளவில் கறுப்பாக ஒரு கட்டி.

சாயங்காலத்துக்குள் லயமே வந்து வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டது. லில்லி எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. பலபேர் ஏறி இறங்கிய உடம்பு அது.

"இது மருதான் தம்பி" என்றாள் கருப்பாயி. "ரப்பர் ஒறைய வைக்கிற எசிட் இருக்குல்ல, அத ஈர்க்குல தொட்டு ஒரு பொட்டு வைங்க. என் கழுத்துல இருந்ததெல்லாம் அப்புடித்தான் போச்சு."

"ஒதைச்சிருச்சுன்னா?"

"நீங்க வைங்க, நான் தள்ளி நின்னுக்கிறேன்."

டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மஷூர் போனிலேயே வைத்தியம் சொன்னார். "அதோட வால் முடியாலயே இறுக்கிக் கட்டிருங்க சுரேந்திரன். தன்னால உழுந்துரும்."

விஜயகலா எல்லாவற்றையும் கேட்டாள். புருஷனின் விரல்கள் துருதுருவென்று எதையோ தேடுவதையும் பார்த்தாள். "மொதல்ல உங்க கையக் கட்டுறேன்" என்று சொல்லிவிட்டு மாட்டு டொக்டருக்குப் போன் எடுத்தாள்.

டொக்டர் சிங்களப் பெண், சின்ன வயது, மோட்டார் சைக்கிளில் வந்தாள். கையுறை போட்டு, ஒரு பிளாஸ்டிக் இடுக்கியால் கட்டியை அளந்து புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

"அனே, பயப்பட வேணாம். வயசு போனா நிறைய வெள்ளைக் குதிரைக்கு வால் கீழ இப்படி வரும். கென்சர் ஜாதிதான். ஆனா மெதுவா வளர்றது. சிலது வருஷக்கணக்கா அப்படியே இருக்கும்."

"அப்ப என்ன பூசணும் மிஸ்?"

"ஒண்ணும் பூச வேணாம்."

"கொஞ்சமா?"

"கொஞ்சமும் வேணாம். எசிட் வெச்சா, நூல் கட்டினா, புண்ணாகி இன்னும் கரைச்சல். மாசம் ஒருதரம் அடிமட்டம் வெச்சு அளந்து பாருங்க. வளர்ந்தா கண்டிப் பக்கம் பெரிய மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெட்டணும். ஆனா இந்த வயசுல மயக்க மருந்து குடுத்தா இவ திரும்ப எழும்புவான்னு நான் பொறுப்பு எடுக்க மாட்டேன்."

கடைசியாகச் சொன்னது சுரேந்திரனின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. மரத்துக்கு மரம் நடக்கும்போதெல்லாம் அதுதான் யோசனை. கட்டி வளரக்கூடாது. வளர்கிறதா இல்லையா என்பது மயிரிழை பிசகாமல் தெரிந்தாக வேண்டும். அதற்கு அடிமட்டம் ஒத்துவருமா? அடிமட்டம் நேரானது, கட்டி உருண்டையானது. போதாததற்கு லில்லி வாலை ஆட்டுகிறாள்.

நானூறாவது மரத்தடியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. டொக்டர் பூசக்கூடாது என்றது மருந்தாக. அளப்பதற்காகப் பூசினால் அது பூசியதாகுமா? ஆகாது என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

எசிட் சேராத புதுப் பாலை வடிகட்டி எடுத்து வந்தார். லில்லியின் முன்னால் ஒரு பப்பாளிப் பழத்தை வைத்துவிட்டு, பின்னால் போய்க் கட்டியின்மேல் மெல்லப் பூசினார். அரைமணி நேரம் கழித்து உரித்தபோது, கட்டியின் அச்சு அசலாக ஒரு குட்டித் தொப்பி கையோடு வந்தது. பொம்மைக்குப் போடலாம். அதில் 'மே' என்று எழுதி, குசினியில் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டார்.

அடுத்த மாதம் தொப்பியை எடுத்துப்போய்க் கட்டிக்குப் போட்டுப் பார்த்தார். நுனியோடு நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார். லில்லி பின்னங்காலைத் தூக்கிக் காட்டினாள். கட்டி வளர்ந்துவிட்டது என்று சுரேந்திரன் முடிவு கட்டினார். புதிதாக ஒரு தொப்பி செய்து 'ஜூன்' என்று எழுதி ஆணியில் மாட்டினார். ஜூலையில் ஜூன் தொப்பியும் ஏறவில்லை, இன்னொன்று செய்து மாட்டினார். ஆகஸ்டில் ஜூலைத் தொப்பியும் ஏறவில்லை. அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. கொட்டகைக்குப் போய் லில்லியின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு டொக்டருக்குப் போன் எடுத்தார்.

"மாசாமாசம் வளருது மிஸ். நல்லா அளந்துட்டேன்."

"அப்படியா? வியாழக்கிழமை வர்றேன். லொறி பிடிச்சு வைங்க."

வியாழக்கிழமை காலையில் நஜீபின் லொறி வைக்கோல் பரப்பி வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைத் தனியாக அனுப்பும் வழக்கம் அந்தத் தோட்டத்தில் இல்லை. எனவே ஏழு பேர் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு ஏற்கெனவே லொறியில் ஏறியிருந்தார்கள். குதிரைக்குத்தான் இடம் போதுமா என்று தெரியவில்லை. கருப்பாயி தீபாவளிச் சேலையில் இருந்தாள். மடியில் சோற்றுப் பொட்டலங்கள்.

டொக்டர் இடுக்கியை வைத்து அளந்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அளந்தாள்.

"அன்றைக்கு மூணு தசம் ரெண்டு சென்டிமீட்டர். இன்றைக்கும் மூணு தசம் ரெண்டு."

"இல்ல மிஸ், நல்லாப் பாருங்க!" சுரேந்திரன் குசினிக்கு ஓடி மூன்று தொப்பிகளையும் கொண்டுவந்து நீட்டினார். "மூணும் ஏறல மிஸ். மே, ஜூன், ஜூலை."

டொக்டர் அவற்றை உள்ளங்கையில் வரிசையாக வைத்தாள். மூன்றும் ஒரே அளவு. சுருட்டு நிறத்தில் இருந்தன.

"கட்டி வளர்ந்திருந்தா மேயை விட ஜூலை பெரிசா இருக்கணும், நே? இதை எல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?"

"அடுப்புக்கு மேல. பொகையில."

லொறியில் இருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ஆனால் விஜயகலா முந்திக்கொண்டாள்.

"இருபத்தாறு வருஷம்! பொகக்கூட்டுல ரப்பர் காஞ்சு சுருங்குறத இருபத்தாறு வருஷமாப் பாத்த மனுஷன்! கட்டி வளரலங்க, உங்க தொப்பி சுருங்கியிருக்கு!"

சுரேந்திரன் தொப்பிகளைப் பார்த்தார். லில்லியைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த வாளியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப வெட்ட வேணாமா மிஸ்?"

"வேணாம்."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று லொறியில் ஒரு வாக்குவாதம் நடந்தது.

"நான் பூச வேணாம்னு சொன்னேனே?" என்றாள் டொக்டர்.

"பூசல மிஸ்" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "அளந்தேன்."

நஜீப் லொறியின் பின்கதவைத் திறந்துவிட்டான். யாரும் அசையவில்லை.

"எறங்குங்களேன், குதிரைதான் போகலையே."

"குதிரைக்கு நல்லாயிருந்தா நாங்க ஏன் எறங்கணும்?" என்றாள் கருப்பாயி. "சோறு கட்டியாச்சு. நான் கண்டியப் பாத்து ஒம்போது வருஷமாச்சு. லொறிய எடு தம்பி."

நஜீப் தலையைச் சொறிந்தான். அவனுக்கும் அன்றைக்கு வேறு வேலை இருக்கவில்லை. விஜயகலா சேலையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உடுத்தியதுதான் உடுத்தியாயிற்று என்று அவளும் ஏறிக்கொண்டாள்.

லொறி இறக்கத்தில் திரும்பும்போது அவள் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "நான் வர்ற வரைக்கும் அதுல ஒண்ணும் பூசாதீங்க!"

சுரேந்திரன் லில்லியின் பக்கத்தில் நின்றபடி, வெறுங்கைகள் இரண்டையும் நன்றாகத் தெரியும்படி மேலே தூக்கிக் காட்டினார். லொறி மறையும்வரை இறக்கவில்லை.